வெர்சாய் ரோஜா: எங்கே தொடங்குவது, எதை எப்போது பார்ப்பது

2025 ஏப்ரல் கடைசியில் 'வெர்சாய் ரோஜா' என்ற அனிமேப் படம், அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம், நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. என் தங்கை அன்று இரவே பார்த்துவிட்டு, "படம் அழகா இருக்கு. ஆனா கடைசியில எல்லாரும் ஏன் இப்படி அழறாங்கன்னு புரியல" என்றாள். அவள் மேல் தப்பில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நீளும் ஒரு கதையை இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டினால், அழ வேண்டிய இடத்துக்கு நாம் போய்ச் சேரும் முன்பே படம் அதைத் தாண்டிவிடும். அவள் தவறான வாசல் வழியாக உள்ளே போய்விட்டாள், அவ்வளவுதான்.

அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஜப்பானிய காமிக்ஸ் ஒன்றுகூடப் படித்ததில்லை, பிரெஞ்சுப் புரட்சி பள்ளிப் பாடத்தோடு போய்விட்டது என்பவர்களுக்காக எழுதுவது. வரலாற்றில் இருக்கும் முடிவுகளை மறைக்கப் போவதில்லை. பிரெஞ்சு ராணி மரி அந்துவானெட்டின் தலை போனது உலகத்துக்கே தெரியும். ஆனால் கற்பனைப் பாத்திரங்களுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்ல மாட்டேன்.

முதலில், இது என்ன?

ரியோகோ இகேதா எழுதி வரைந்த காமிக்ஸ். 1972 மே மாதம் 'மார்கரெட்' என்ற வார இதழில் தொடங்கி 1973 இறுதி வரை வந்தது. பதின்வயதுப் பெண்களுக்கான இதழ் அது. தொடங்கும்போது இகேதாவுக்கு வயது 24. வெர்சாய் என்பது பிரெஞ்சு அரசர்களின் அரண்மனை. ஜப்பானியப் பெயர் 'பெருசாயு நோ பரா'. ரசிகர்கள் அதைச் சுருக்கி 'பெருபரா' என்பார்கள். பள்ளி நாட்களில் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய மரி அந்துவானெட்டின் வாழ்க்கை வரலாற்றைப் படித்ததில் இருந்துதான் இகேதாவுக்கு இந்த எண்ணம் பிறந்தது.

அதாவது, இது ராணியின் கதையாகத்தான் தொடங்கியது. 1755ஆம் ஆண்டில் மூன்று பேர் பிறக்கிறார்கள். வியன்னாவில் இளவரசி மரி அந்துவானெட். சுவீடனில் பிரபு குடும்பத்து ஹான்ஸ் அக்சல் ஃபொன் ஃபெர்சன். பிரான்சில் ஜெனரல் ஜார்ஜேயின் ஆறாவது பெண் குழந்தை. ஆண் வாரிசு இல்லாத கடுப்பில் தகப்பன் அந்தக் குழந்தைக்கு ஆஸ்கர் பிரான்சுவா என்று ஆண் பெயர் வைத்து, வாளும் துப்பாக்கியும் கொடுத்து, போர்வீரனாக வளர்க்கிறார். முதல் இருவரும் நிஜம். மூன்றாவது ஆள் முழுக் கற்பனை.

அந்தக் கற்பனை ஆள் கதையைத் திருடிக்கொண்டு போய்விட்டாள். வாரா வாரம் வந்த வாசகர் கடிதங்களில் ஆஸ்கர் பெயர்தான் நிறைந்திருந்தது. ராணிக்காகத் தொடங்கிய தொடர் மெல்ல மெல்ல ஆஸ்கர் பக்கம் சாய்ந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், காமிக்ஸ், டிவித் தொடர், திரைப்படம் மூன்றும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்பது தானாகப் புரியும். இது யாருடைய கதை என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

படி 1: ஐந்து தேதிகள், அதற்கு மேல் வேண்டாம்

தொடங்கும் முன் புரட்சி வரலாறு முழுவதையும் படிக்க உட்காராதீர்கள். பத்து நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும். 1770இல் 14 வயது அந்துவானெட், பிரெஞ்சுப் பட்டத்து இளவரசனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். 1774இல் கிழட்டு அரசர் பதினைந்தாம் லூயி பெரியம்மையில் இறக்க, அவள் ராணியாகிறாள். 1785இல் வைர மாலை விவகாரம் வெடிக்கிறது. 1789 ஜூலை 14 அன்று பஸ்தில் கோட்டை விழுகிறது. 1793 அக்டோபர் 16 அன்று ராணி கில்லட்டினுக்குப் போகிறாள். இந்த ஐந்தும் தெரிந்தால் கதையில் எங்கே நிற்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும். மீதியைக் கதையே சொல்லிக் கொடுத்துவிடும்.

படி 2: யார் நிஜம், யார் கற்பனை

முதல்முறை படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். பாதியில் தேடுபொறியைத் திறந்து பெயர்களைத் தட்டினால், வேண்டாத முடிவுகள் கண்ணில் பட்டுவிடும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ராணி, அரசர், ஃபெர்சன், கிழட்டு அரசர் பதினைந்தாம் லூயியின் காதலி துய் பாரி, ராணியின் தோழி பொலிஞாக், மோசடிக்காரி ழான், புரட்சித் தலைவர் ரொபெஸ்பியர் எல்லோரும் நிஜ மனிதர்கள். ரோசலி லாமொர்லியர் என்ற ஏழைப் பெண் கதையில் வருவாள். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருத்தி இருந்தாள். சிறையில் ராணியின் கடைசி நாட்களில் பணிவிடை செய்தவள் அவள். ஆனால் காமிக்ஸில் அவளுக்குக் கொடுத்திருக்கும் பிறப்பு ரகசியங்களும் உறவுமுறைகளும் முழுக்க இகேதாவின் கைவேலை. அசல் தொடர்கதைப் பாணி. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய ருசிதான்.

கற்பனை மனிதர்கள் ஆஸ்கர், அவளோடு ஒன்றாக வளரும் வேலைக்காரப் பையன் ஆந்த்ரே, பின்னால் வரும் படைவீரன் அலென், ஆஸ்கருக்குத் துணை அதிகாரியாக இருக்கும் ஜிரோடெல். ஆந்த்ரேயின் பாட்டிதான் ஆஸ்கரை வளர்த்த ஆயா. அவள் பெயர் மரோன் கிளாசே. பாகில் ஊறிய செஸ்ட்நட் இனிப்பின் பெயர் அது. சோகமான இடங்களில்கூட இந்தப் பெயர் வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு வேடிக்கை. ஜெனரல் ஜார்ஜே என்ற பெயரிலும் நிஜமாக ஒருவர் இருந்தார். ராணியைச் சிறையிலிருந்து தப்ப வைக்கத் திட்டம் போட்ட விசுவாசி. ஆனால் அவர் பிறந்ததே 1745இல்தான். 1755இல் ஆறாவது மகளைப் பெற அவரால் முடிந்திருக்காது. இகேதா பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார். சீருடைகளும் அப்படித்தான், அவற்றில் பல பின்னால் வந்த நெப்போலியன் காலத்துப் பாணி. வரலாற்று மாணவர்கள் இதற்கெல்லாம் பல்லைக் கடிப்பார்கள். நமக்கு அழகாக இருக்கிறதா? போதும்.

படி 3: காமிக்ஸிலிருந்து தொடங்குங்கள்

என் பரிந்துரை இதுதான், இதில் நான் பிடிவாதக்காரன். ஆங்கில மொழிபெயர்ப்பை உடோன் நிறுவனம் கெட்டி அட்டை போட்ட ஐந்து பெரிய தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. விலை கையைக் கடிக்கும். முதல் தொகுதியை மட்டும் வாங்கிப் பாருங்கள், அல்லது வாங்கிய நண்பரைக் கண்டுபிடியுங்கள்.

ஜப்பானியக் காமிக்ஸ் வலமிருந்து இடமாகப் போகும். புத்தகத்தை நமக்குக் 'கடைசி' அட்டையாகத் தெரியும் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மேல் வலது கட்டத்தில் தொடங்கி, இடப்பக்கம் போய், அடுத்த வரிசைக்கு இறங்குங்கள். பேச்சுக் குமிழிகளுக்கும் அதே வரிசை. இருபது பக்கத்தில் பழகிவிடும்.

அதைவிடக் கடினமானது கட்டங்களே இல்லாத பக்கங்கள். பெண்களுக்கான காமிக்ஸில் கட்டத்தின் கோடுகள் அடிக்கடி உடையும். ஓர் ஆள் தலை முதல் கால் வரை பக்கத்தின் ஓரம் முழுக்க நிற்பார், பின்னால் ரோஜாக்கள் மிதக்கும், எந்தக் குமிழிக்குள்ளும் அடங்காமல் சில வரிகள் தனியாக நிற்கும். அந்த ரோஜாக்கள் அறையில் இல்லை, மனதில் இருக்கின்றன. தனியாக நிற்கும் வரிகள் யாரும் வாய்விட்டுப் பேசியவை அல்ல, உள்ளே ஓடுபவை. கண்மணிகள் திடீரென்று மறைந்து கண் வெறும் வெள்ளையானால் அதிர்ச்சி. கண்ணுக்குள் நட்சத்திரம் மின்னினால், அது யார் கண்ணாக இருந்தாலும் மின்னும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்காக முதலில் சிரிப்பு வரும். சிரியுங்கள். நூறு பக்கம் கழித்துச் சிரிப்பு நின்றிருக்கும்.

முதல் தொகுதியில் படங்கள் கொஞ்சம் குழந்தைத்தனமாகவும் நகைச்சுவை கூடுதலாகவும் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மூடிவிடாதீர்கள். வாரம் தவறாமல் வரைந்ததில் இகேதாவின் கை ஒரு வருடத்துக்குள் மாறிவிடுகிறது. முகங்கள் நீள்கின்றன, கோடுகள் கூர்மையாகின்றன, அழுத்தம் கூடுகிறது. ஆஸ்கர் வயதாவதை அந்தக் கோடுகளிலேயே பார்க்கலாம்.

தொடரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு சோதனை சொல்கிறேன். துய் பாரி பகுதி வரை படியுங்கள். அரண்மனை விதிப்படி, உயர்ந்தவர் முதலில் பேசாமல் அவருக்குக் கீழே இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. பட்டத்து இளவரசியான அந்துவானெட் பதின்வயதுத் திமிரில், அரசரின் காதலி துய் பாரியிடம் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்கிறாள். துய் பாரி கொதிக்கிறாள், அரசர் கோபப்படுகிறார், வியன்னாவிலிருந்து தாய் மரியா தெரேசா தூதர் மூலம் நெருக்குகிறார். இரண்டு நாடுகளின் நட்பே ஒரு பெண்ணின் ஒற்றை வாக்கியத்தில் தொங்குகிறது. கடைசியில் 1772 புத்தாண்டு நாளில் அவள் பொதுவாகச் சொல்கிறாள்: "இன்று வெர்சாயில் கூட்டம் அதிகம்." அவ்வளவுதான். இது கட்டுக்கதை அல்ல, நிஜமாக நடந்தது. இகேதா இதை ஒரு போர்க்களம் போல வரைந்திருக்கிறார். விசிறிகள் வாள்களாகின்றன, ஒரு பார்வை பீரங்கியாகிறது. இந்தப் பகுதி உங்களை இழுக்கவில்லை என்றால், சரி, இந்தக் கதை உங்களுக்கானது அல்ல. வருத்தப்படாமல் வேறு எடுத்துக்கொள்ளுங்கள்.

இழுத்தால், வைர மாலைப் பகுதி வரை கையிலிருந்து புத்தகத்தை வைக்க முடியாது. சுமார் 16 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மதிப்புள்ள மாலை. அதை ராணியின் பெயரைச் சொல்லி ழான் என்ற பெண் சுருட்டுகிறாள். ராணியைப் போலவே தோற்றம் கொண்ட ஒருத்தியை இரவில் தோட்டத்தில் நிறுத்தி, ரோஆன் என்ற கர்தினாலை, கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குருவை, ஏமாற்றுகிறார்கள். இதுவும் நிஜம். ராணிக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை, ஆனாலும் ஊர் நம்பவில்லை. 'காதல் கதை' என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள், ஓர் அரசு மக்களின் நம்பிக்கையை எப்படி இழக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பதை இங்கேதான் உணர்வார்கள். இகேதா மாணவர் போராட்டங்கள் கொதித்த காலத்தில் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தச் சூடு பக்கங்களில் தெரியும்.

படி 4: பிறகு டிவித் தொடர்

1979 அக்டோபர் முதல் 1980 செப்டம்பர் வரை நிப்பான் டிவியில் வந்த 40 எபிசோட்கள். தயாரிப்பு டோக்கியோ மூவி ஷின்ஷா. பாத்திர வடிவமைப்பு ஷிங்கோ அராகி, மிச்சி ஹிமெனோ ஜோடி. அந்த நீண்ட இமைகளும் காற்றில் பறக்கும் பொன்னிறக் கூந்தலும் இவர்கள் கைவண்ணம்.

ஒரு முக்கியமான விஷயம்: இந்தத் தொடருக்கு இயக்குநர்கள் இரண்டு பேர். அதனால் இது ஒரே பெயரில் ஓடும் இரண்டு தொடர்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பகுதி தாதாவ் நாகாஹாமாவுடையது. ராட்சத ரோபோத் தொடர்களால் பெயர் பெற்றவர். அவர் கையில் அரண்மனை பளிச்சென்று இருக்கிறது. சதி, வாள்சண்டை, குதிரை ஓட்டம் எல்லாம் சத்தமாக நடக்கும். 19ஆம் எபிசோடிலிருந்து ஒசாமு தெசாக்கி வருகிறார். வெளிச்சம் மங்குகிறது. கதை அரண்மனையிலிருந்து பாரிஸ் தெருக்களுக்கு இறங்குகிறது. அக்கார்டியன் வாசிக்கும் தெருப்பாடகன் ஒருவன் வந்து வந்து போவான். (அக்கார்டியன் 1820களுக்கு முன் கிடையாது. பரவாயில்லை, அவன் வரட்டும்.)

தெசாக்கியின் கையெழுத்து ஒன்று உண்டு. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் கணத்தில் காட்சி சட்டென்று உறைந்து, கையால் தீட்டிய ஓவியமாக மாறி நிற்கும். சில சமயம் ஒரே அசைவு மூன்று முறை திரும்பத் திரும்ப வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் இணையம் சிக்கிக்கொண்டது என்று நினைப்பார்கள். சிக்கவில்லை. அந்தக் கணத்தை நாம் கண்ணிமைத்துத் தவறவிட்டுவிடக் கூடாது என்று அவர் பிடித்து வைத்திருக்கிறார்.

எப்படிப் பார்ப்பது? நாளுக்கு இரண்டு எபிசோட் போதும், இருபது நாளில் முடிந்துவிடும். ஒரே மூச்சில் பத்து பார்த்தால் முதல் பாதியின் அரண்மனைச் சூழ்ச்சிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும் வைத்தே பாருங்கள். ஆஸ்கருக்குக் குரல் கொடுத்த ரெய்கோ தாஜிமாவின் தாழ்ந்த, உலர்ந்த குரலை விட்டுவிட்டு இந்தத் தொடரைப் பார்ப்பதில் பயனில்லை. பத்தாவது எபிசோட் பக்கம் சலிப்புத் தட்டினால், "19 வரைக்கும் பொறு" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். தொடரின் நிஜமான பலம் இரண்டாம் பாதியில், அதிலும் ஆஸ்கர் அரண்மனைக் காவற்படையை விட்டு, சாதாரண மக்கள் நிறைந்த பிரெஞ்சுக் காவற்படைக்குத் தலைமையேற்கும் பகுதியில் இருக்கிறது. கீழ்ப்படிய மறுக்கும் வீரர்கள், பசித்த குடும்பங்கள், குடும்பத்துக்குப் பணம் அனுப்பத் தன் ஆயுதத்தையே விற்கும் ஆள். பிரபு வீட்டுப் பிள்ளை முதல்முறையாகத் தன் நாட்டைப் பார்க்கிறாள். 1789 ஜூலையில் அந்தப் படையினர் பீரங்கிகளோடு மக்கள் பக்கம் சேர்ந்தது வரலாறு. இகேதா தன் கற்பனைப் பெண்ணைக் கொண்டுபோய் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 5: இரண்டும் எங்கே பிரிகின்றன

டிவித் தொடர் தொடங்கும்போதே ஆஸ்கர்தான் நாயகி என்று அதற்குத் தெரியும். முதல் எபிசோடே அவளோடுதான் தொடங்குகிறது. தொடக்கப் பாடலில் ரோஜா முட்கொடிகளில் சிக்கி நிற்பவளும் அவள்தான். அதனால் பஸ்தில் விழுந்த பிறகு தொடர் விறுவிறுவென்று முடிந்துவிடுகிறது. காமிக்ஸ் அப்படி முடிவதில்லை. அது ராணியிடம் திரும்புகிறது. 1791இல் குடும்பத்தோடு தப்பி ஓடி வாரென் ஊரில் பிடிபடுவது, சிறை, பிள்ளைகளைப் பிரிப்பது, விசாரணை, கடைசி வண்டி எல்லாம் அங்கே உண்டு. நான் காமிக்ஸை முதலில் படிக்கச் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். டிவித் தொடரை மட்டும் பார்த்தவர்கள் அந்துவானெட்டை ஊதாரி ராணியாகவே நினைத்திருப்பார்கள். காமிக்ஸின் கடைசிப் பகுதியில் அவள் வேறு ஒருத்தியாகிறாள்.

ஆஸ்கரின் தன்மையும் மாறும். காமிக்ஸ் ஆஸ்கர் கத்துவாள், அழுவாள், நாற்காலியைத் தூக்கி எறிவாள், குடித்துவிட்டுக் கைகலப்பில் இறங்குவாள். அனிமே ஆஸ்கர் அடக்கமானவள், அதிகம் பேசாதவள். எனக்கு முதலாமவளைத்தான் பிடிக்கும். ரசிகர்களில் பாதிப் பேர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆந்த்ரே தன் காதலைச் சொல்லும் காட்சியில் அவன் ஆஸ்கரிடம் பலவந்தமாக நடந்துகொள்கிறான், சட்டை கிழிகிறது. அவன் அத்தோடு நிறுத்தி, மன்னிப்புக் கேட்கிறான், கதையும் அதைத் தப்பு என்றுதான் காட்டுகிறது. ஆனால் இன்று படிக்கும்போது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். இன்னொரு கிளையில் 11 வயதுச் சிறுமிக்கு நிச்சயம் செய்வதும் அதன் விளைவும் வருகின்றன. பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் இரண்டையும் நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுக்குக் கீழே நான் கொடுக்க மாட்டேன்.

படி 6: கடைசியாகத்தான் திரைப்படம்

2025 ஜனவரி 31 அன்று ஜப்பானில் வெளியான படம். மாப்பா ஸ்டுடியோ, இயக்கம் ஐ யோஷிமுரா. ஆஸ்கராக மியுகி சவாஷிரோ, அந்துவானெட்டாக ஆயா ஹிரானோ. இதைத் திரைப்படமாக நினைக்காமல் பாட்டுக் கச்சேரியாக நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. வருடக்கணக்கில் நடப்பவற்றை ஒரு பாட்டுக்குள் மடித்துக் கொண்டுபோகிறார்கள். நாம் நன்றாக அறிந்த வித்தைதானே, ஒரே பாட்டில் நாயகன் பணக்காரன் ஆகிவிடுவான். வைர மாலை விவகாரமும் இன்னும் பல கிளைகளும் பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிட்டன. ஆஸ்கர், ஆந்த்ரே, ராணி, ஃபெர்சன் நால்வர் மட்டும் மிஞ்சுகிறார்கள். கதை தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு பாட்டும் பழைய நினைவைக் கிளறும். தெரியாதவர்களுக்கு அழகான உடைகள் மட்டும் தெரியும்.

1979இல் ஜாக் தெமி எடுத்த, மனித நடிகர்கள் நடித்த 'லேடி ஆஸ்கர்' படமும் உண்டு. நிஜ வெர்சாய் அரண்மனையிலேயே படம் பிடித்தார்கள். அரண்மனையைப் பார்க்க விரும்பினால் பாருங்கள், ஆஸ்கரைப் பார்க்க விரும்பினால் வேண்டாம்.

இதற்கு மேலும் பசி எடுத்தால்

தகராசுகா நாடகக் குழுவின் பதிவுகளைத் தேடுங்கள். ஆண் வேடங்கள் உட்பட எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்கும் குழு அது. 1974இல் இந்தக் கதையை மேடையேற்றியதும் ஜப்பானில் பெரும் அலை கிளம்பியது, இன்று வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆணாக வளர்ந்த பெண்ணை, ஆண் வேடத்தில் தேர்ந்த ஒரு பெண் நடிக்கும்போது, அந்தப் பாத்திரத்துக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு மடிப்பு கூடுகிறது.

காமிக்ஸின் கிளைக்கதைகளை முதன்மைக் கதை முடிந்த உடனே படிக்காதீர்கள். ஆஸ்கரின் அக்கா மகள் லூலூ அவற்றில் துப்பறிகிறாள், தொனி விளையாட்டாக இருக்கும். கண் ஈரம் காய ஒரு வாரம் விட்டுவிட்டு எடுங்கள். இகேதா பின்னால் வரைந்த நெப்போலியன் கதையான 'எரோய்க்கா'வில் அலெனும் ரோசலியும் மீண்டும் வருகிறார்கள். அதற்கு மட்டும் அவசரம் வேண்டாம்.

என் தங்கை இப்போது முதல் தொகுதியில் இருக்கிறாள். நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி வந்தது: "துய் பாரிகிட்ட பேசிட்டாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு, நான் தூங்கணும்." நான் பதில் போடவில்லை.